சிவப்புப் புதர் கற்பிக்கும் வணிகப் பாடம்



சில ஆண்டுகளாக நகர்ப்புறக் கடைகளில் ஒரு புதுச் சரக்கைக் கேட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். சிறு பைகளிலும் டப்பாக்களிலும் வரும் அந்தச் சிவப்பு நிறச் சரக்குக்கு 'ரூய்போஸ்' என்று பெயர். "இது தேயிலையா, மூலிகையா? எந்த ஊர்ச் சரக்கு? ஏன் இந்த விலை?" என்று வாடிக்கையாளர் கேட்டால், அட்டையில் அச்சடித்திருப்பதைத் திருப்பிப் படித்துக் காட்டுவதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். விற்கும் சரக்கின் வேர் தெரியாமல் விற்பது வணிகனுக்கு அழகல்ல.

ஆகவே இந்த இதழில் ரூய்போஸ் என்னும் ஆப்பிரிக்க மூலிகையைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அதைப் பயிரிடுவது, பக்குவம் செய்வது, உபயோகிப்பது ஆகியவற்றைப் பார்ப்போம். அதோடு, அந்தச் சரக்கின் பெயருக்கும் அதைப் பற்றிய அறிவுக்கும் சொந்தக்காரர் யார் என்று நடந்த வழக்காடலையும் பார்ப்போம். இந்தக் கடைசிப் பகுதிதான் நம் போன்ற வணிகர்கள் கவனமாகப் படிக்க வேண்டியது.

செடியும் அதன் ஊரும்

ரூய்போஸ் என்பது தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழிச் சொல். 'சிவப்புப் புதர்' என்பது அதன் பொருள். தாவர நூலார் இதை அஸ்பலாதஸ் லினியாரிஸ் என்று அழைப்பர். தேயிலைச் செடிக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. நம் துவரை, அவரை, கொளுஞ்சி எல்லாம் எந்தப் பெருங்குடும்பமோ அந்தப் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. வேரில் முடிச்சுகள் உண்டு. காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். இலை ஊசி போல மெல்லியது. செடி ஆள் உயரத்துக்குள் நின்றுவிடும். வசந்த காலத்தில் மஞ்சள் பூ பூக்கும். ஒரு காயில் பெரும்பாலும் ஒரே ஒரு விதைதான் இருக்கும்.

இது விளையும் இடம் மிகக் குறுகியது. கேப் டவுன் நகருக்கு வடக்கே சுமார் 230 கிலோமீட்டரில் கிளான்வில்லியம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள செடர்பெர்க் மலைப்பகுதியும், வடக்கே நியூவுட்வில் பக்கத்து மேட்டு நிலமும்தான் இதன் தாயகம். மணற்பாறை கரைந்து உண்டான புளிப்புத் தன்மையுள்ள மணல் மண் அது, சத்துக் குறைந்தது. மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்யும். கோடை வறண்டு கொளுத்தும். இதைத் தாங்க இந்தச் செடி ஆணிவேரை ஆழமாக இறக்கிக்கொள்கிறது. வேறு நாடுகளிலும் பயிரிட்டுப் பார்த்தார்கள். வணிக அளவில் எங்கும் காலூன்றவில்லை. ஆகவே உலகச் சந்தைக்கு வரும் ரூய்போஸ் அந்த ஒரு மலைப்பகுதியிலிருந்துதான் வருகிறது என்பதை முதலில் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

காட்டுச் சரக்கு தோட்டப் பயிரான கதை

அந்த மலைகளின் ஆதிகுடிகள் சான், கோய் என்னும் மக்கள். காட்டில் தானாக விளைந்த இந்தச் செடியின் மெல்லிய கிளைகளை வெட்டி, கோடரியால் நறுக்கி, மரச் சுத்தியலால் நசுக்கி, குவித்துப் புழுங்கவைத்து, வெயிலில் காயவைத்துப் பானமாகக் காய்ச்சிக் குடிப்பது மலை மக்களின் வழக்கம். குழந்தைகளின் வயிற்று உபாதைக்கும், தோல் அரிப்புக்கும், நல்ல உறக்கத்துக்கும் கைவைத்தியமாகவும் உபயோகித்து வந்தார்கள். இன்று பெரிய ஆலைகளில் நடப்பதும் இதே வேலைதான். கோடரியின் இடத்தில் வெட்டும் இயந்திரமும், சுத்தியலின் இடத்தில் உருளையும் வந்திருக்கின்றன.

1904ஆம் ஆண்டில் பெஞ்சமின் கின்ஸ்பெர்க் என்னும் வணிகர் இந்தச் சரக்கைக் கவனித்தார். ரஷ்யாவிலிருந்து குடியேறிய அவர் தேயிலை வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மலையிலிருந்து மக்கள் கொண்டுவந்ததைக் கொள்முதல் செய்து நகரங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். இந்தச் சரக்குக்குச் சந்தையை உண்டாக்கியவர் ஒரு மொத்த வியாபாரி என்பது நமக்குப் பெருமைதான்.

ஆனால் காட்டிலிருந்து வெட்டி வருவதை மட்டும் நம்பி வியாபாரம் எவ்வளவு காலம் நடக்கும்? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளான்வில்லியம் ஊர் மருத்துவர் பீட்டர் லே ஃப்ராஸ் நோர்ட்டியர் இதைத் தோட்டப் பயிராக்க முயன்றார். அங்கே இரண்டு தடைகள் குறுக்கே நின்றன. முதலாவது, விதை கிடைக்கவில்லை. காய் முற்றியதும் வெடித்து விதை தூரச் சிதறிவிடும். மணலில் அந்தச் சிறு விதையைத் தேடி எடுப்பது எளிதல்ல. இரண்டாவது, கிடைத்த விதையும் முளைக்கவில்லை. விதைத்தோல் கல் போலக் கெட்டியானது.

விதைத் தடையை நீக்கியது அந்த மலைவாழ் பெண் ஒருத்தியின் கூர்மை என்று அந்தப் பகுதியில் சொல்கிறார்கள். எறும்புகள் விதைகளை இழுத்துப் போவதை அவள் கண்டாள். எறும்புப் புற்றைத் தோண்டினால் விதைக் களஞ்சியமே இருந்தது. அங்கிருந்து விதை தீப்பெட்டிக் கணக்கில் மருத்துவரிடம் வந்து சேர்ந்ததாம். முளைப்புத் தடைக்கு மருத்துவர் வழி கண்டார். இரண்டு கற்களுக்கிடையே விதையை இலேசாகத் தேய்த்துத் தோலில் கீறல் உண்டாக்கினால் முளைப்பு நன்றாக இருந்தது. இந்த உழைப்புக்காக ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் 1948இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. எறும்புப் புற்றைக் காட்டிய பெண்ணுக்குப் பட்டம் ஏதும் கிடைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விவகாரத்துக்கு இதுவே அடிப்படை.

பயிரிடும் முறை

நம் உறவினர்களில் பலர் விவசாயிகள். அவர்களுக்குப் பயிர் விவரம் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறோம். அங்கே பருவம் நமக்கு நேர் எதிர் என்பதை மறக்க வேண்டாம். டிசம்பர், ஜனவரி அங்கே கொளுத்தும் கோடை. ஜூன், ஜூலை மழையோடு கூடிய குளிர்காலம்.

தோல் கீறிய விதையைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாற்றங்காலில் தூவுகிறார்கள். நாற்று ஒரு சாண் உயரம் வளரும் சமயம் குளிர்கால மழை தொடங்கிவிடும். ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் நாற்றைப் பிடுங்கி வயலில் வரிசையாக நடுகிறார்கள். அதன் பிறகு பெரும்பாலும் வானம் பார்த்த பூமிதான், பாசனம் கிடையாது. மழை பொய்த்தால் நாற்று கருகிவிடும், திரும்ப நட வேண்டும்.

நட்டு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் முதல் முழு அறுவடை வரும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, கோடையிலும் அதை அடுத்த மாதங்களிலும் வெட்டுவார்கள். செடியைத் தரையோடு வெட்டக்கூடாது. முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டு மேற்கிளைகளை மட்டும் அரிவாளால் அறுத்துக் கட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். ஒரு நடவு ஐந்தாறு ஆண்டுகள் பலன் தரும். பிறகு செடியை அகற்றி, ஓட்ஸ் போன்ற மாற்றுப் பயிரிட்டோ தரிசு விட்டோ நிலத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள்.

மணல் மண் ஆகையால் காற்று மேல் மண்ணை வாரிக்கொண்டு போகும். அதைத் தடுக்க வயலுக்கு நடுவே இயற்கைப் புதர்களை வரப்பு போல விட்டு வைப்பது நல்ல விவசாயியின் வழக்கம். பேராசையில் எல்லாப் புதரையும் அழித்து நட்டவர்கள், சில ஆண்டுகளில் மண்ணையும் இழந்து விளைச்சலையும் இழந்தார்கள்.

காட்டில் தானாக வளரும் ரூய்போஸிலும் வகைகள் உண்டு. சில வகை, காட்டுத் தீயில் மேற்பகுதி எரிந்துபோனாலும் மண்ணுக்கடியில் உள்ள கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும்; நீண்ட காலம் வாழும்; வறட்சியையும் தாங்கும். தோட்ட வகையோ விரைவாக வளரும், விளைச்சல் அதிகம். ஆனால் வறட்சிக்கு அவ்வளவு தாங்காது. வகை பிரித்து அறிவதும், காட்டுச் செடியை எவ்வளவு வெட்டினால் அது பிழைக்கும் என்பதும் அந்த மலையில் தலைமுறையாக இருப்பவர்களுக்குத்தான் கைவந்த கலை.

களத்து வேலை: சிவப்பு வருவது எப்படி?

வெட்டிய கிளை பச்சை நிறம்தான். சிவப்பு பின்னால் வருகிறது. கட்டுகளை இயந்திரத்தில் கொடுத்துச் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு நறுக்குவார்கள். நறுக்கியதைத் திறந்தவெளிக் களத்தில் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளையால் நசுக்கி, தாழ்வான நீண்ட குவியல்களாக வைப்பார்கள். ஓர் இரவு முழுவதும் அது புழுங்கும். சாறு காற்றோடு கலந்து, பச்சை மாறிச் செம்பழுப்பு நிறமும் தேன் போன்ற மணமும் உண்டாகும். எப்போது போதும் என்பதைக் களத்து மேற்பார்வையாளர் மூக்கால் அறிவார். ஓரிரு மணி நேரம் முந்தினால் பச்சை வாடை. பிந்தினால் மணம் போய்விடும்.

விடிந்ததும் குவியலைக் கலைத்து மெல்லிசாகப் பரப்பி வெயிலில் உலர்த்துவார்கள். பிறகு சரக்கு ஆலைக்குப் போகும். அங்கே சலித்து, குச்சியும் தூசும் நீக்கி, தரம் பிரித்து, கிருமி நீங்க நீராவியில் சுத்திகரித்து, மீண்டும் உலர்த்தி மூட்டை பிடிப்பார்கள்.

'பச்சை ரூய்போஸ்' என்று ஒரு வகையும் சந்தையில் உண்டு. அது வேறு செடியல்ல. புழுங்க விடாமல் உடனே உலர்த்திய அதே சரக்குதான். ரூய்போஸுக்கே உரிய அஸ்பலாதின் என்னும் சத்து புழுங்கும்போது பெரும்பகுதி மாறிப்போகிறது. பச்சை வகையில் அது அதிகம் நிற்கிறது. வேலைப்பாடு கூடுதல் என்பதால் அதன் விலையும் கூடுதல். வாடிக்கையாளர் கேட்டால் இந்த வித்தியாசத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

தரம் பார்ப்பதும் இருப்பு வைப்பதும்

நல்ல சரக்கு ஒரே சீரான செம்பழுப்பாக இருக்கும். கையில் எடுத்தால் குச்சி மிகுதியாகத் தெரியக் கூடாது. வெள்ளைக் குச்சியும் தூசும் மிகுந்திருந்தால் அது இரண்டாம் தரம். வெந்நீரில் ஊறவைத்தால் தெளிந்த சிவப்பு நிறம் இறங்கும். தேனும் மரமும் கலந்த மணம் வரும். வைக்கோல் வாடையோ பச்சைத் தழை வாடையோ வந்தால் பக்குவம் சரியில்லை. பூசணம் வாடை வந்தால் ஈரம் பட்டிருக்கிறது என்று பொருள். வாசனைத் திரவியம் தூக்கலாகச் சேர்த்த சரக்கில் இந்தக் குறைகள் மறைந்துவிடும். ஆகவே புதிதாக ஒருவரிடம் கொள்முதல் செய்யும்போது, வாசனை சேர்க்காத வெறும் சரக்கை முதலில் காய்ச்சிப் பார்த்துவிட வேண்டும்.

இருப்பு வைப்பதில் தேயிலைக்குரிய எச்சரிக்கையெல்லாம் இதற்கும் உண்டு. ஈரம் படாத, வெயில் நேரடியாக விழாத இடம் வேண்டும். பெருங்காயம், மசாலா, ஊதுபத்தி, சோப்பு ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தால் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். நம் கடைகளில் விற்பனை மெதுவாக உள்ள சரக்கு இது. பெட்டி பெட்டியாக வாங்கிப் பணத்தை முடக்காமல், மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்து, பழையதை முன்னால் வைத்து விற்பது புத்திசாலித்தனம்.

வெளிநாட்டுச் சரக்கு ஆகையால், பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், உற்பத்தி நாடும், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எண்ணும், தேதி விவரமும் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான செய்தி. தேயிலைச் செடியிலிருந்து வராத எதையும் 'டீ' என்ற பெயரில் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. ரூய்போஸும் மூலிகைப் பானங்களும் பூப் பானங்களும் இதில் அடங்கும். ஆகவே நம் கடையில் நாமே எழுதி வைக்கும் விலைப் பலகையிலும், சில்லறையாக மடித்துக் கொடுக்கும் பொட்டலத்திலும் 'ரூய்போஸ் டீ' என்று எழுதாமல் 'ரூய்போஸ் மூலிகைப் பானம்' என்று எழுதுவதே நமக்குப் பாதுகாப்பு.

உபயோகமும், நாம் சொல்லக் கூடியதும் கூடாததும்

ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி போதும். கொதிநீர் ஊற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டலாம். தேயிலை போல இது நேரமானால் கசக்காது, துவர்ப்பு குறைவு. அதன் ஊரில் அடுப்போரத்தில் ஒரு பாத்திரத்தை நாள் முழுவதும் சூடாக வைத்து வேண்டும்போது ஊற்றிக் குடிப்பார்கள். பால், சர்க்கரை சேர்த்தும், எலுமிச்சை பிழிந்தும், ஆறவைத்தும் குடிக்கலாம்.

மருத்துவக் குணம் பற்றிக் கேட்டால் நாம் எதைச் சொல்லலாம்? காபியிலும் தேயிலையிலும் உள்ள காஃபின் இதில் இயற்கையாகவே கிடையாது என்று உறுதியாகச் சொல்லலாம். இரவில் காபி, டீ குடித்தால் தூக்கம் வராதவர்களுக்கு இது ஒரு மாற்று. தேயிலையை விட டானின் என்னும் துவர்ப்புச் சத்து குறைவு என்பதும் உண்மை.

அதற்கு மேல் போகும்போது நாவை அடக்க வேண்டும். ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் நடந்த சோதனைகள் பல. மனிதர்களிடம் நடந்தவை சிலவே. 2011இல் வெளியான ஒரு தென்னாப்பிரிக்க ஆய்வில் 40 பேர் ஆறு வாரம் நாள்தோறும் ஆறு கோப்பை குடித்தார்கள். இரத்தக் கொழுப்பு அளவில் முன்னேற்றம் தெரிந்தது. 40 பேரை வைத்து ஆறு வாரத்தில் கண்டது ஒரு நல்ல தொடக்கம். அதை மருந்து என்று சொல்ல அது போதாது. சர்க்கரை குணமாகும், புற்று நோய் நீங்கும் என்றெல்லாம் சொல்லி விற்பவர்கள் வாடிக்கையாளரின் உடலோடு விளையாடுகிறார்கள். மிக அரிதாகக் கல்லீரல் பாதிப்பு கண்ட நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவர், கர்ப்பிணி, கைக்குழந்தைக்குக் கொடுக்க நினைப்பவர் கேட்டால், "உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வதால் நமக்கு ஒரு பாக்கெட் வியாபாரம் குறையலாம்; வாடிக்கையாளர் குறையமாட்டார்.

விலை ஏன் ஏறி இறங்குகிறது?

ஒரே மலைப்பகுதி, வானம் பார்த்த பயிர், நட்டு ஒன்றரை ஆண்டு காத்திருப்பு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விலையின் போக்கு நமக்கு விளங்கிவிடும். மழை பொய்த்தால் வரத்து குறைந்து விலை ஏறும். ஏறிய விலையைக் கண்டு எல்லாரும் நடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டில் வரத்து குவிந்து விலை விழும். விழுந்ததும் நடவு குறையும். அடுத்த வறட்சியில் மீண்டும் ஏறும். 2015 முதல் அந்த மாநிலத்தைத் தொடர்ந்து வாட்டிய வறட்சியிலும், அதை அடுத்த ஆண்டுகளிலும் இந்தச் சுழற்சியைக் காண முடிந்தது. வெங்காயத்திலும் மஞ்சளிலும் இதே சுழலைக் கண்டு பழகிய நமக்கு இது புதிதல்ல.

இதற்கு அணை போட அங்கே செய்த முயற்சிகளும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விலை சரிந்தபோது, 1948இல் கிளான்வில்லியம் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். 1954இல் அரசு ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்து, எல்லாச் சரக்கும் அதன் வழியாகவே போக வேண்டும் என்று ஆக்கியது. 1993இல் அது கலைந்து தனியார் நிறுவனமாயிற்று, சந்தை திறந்தது.

ஆனால் அந்த நிறவெறி ஆட்சிக் காலத்தில் நிலமும் கடனும் சந்தையும் பெரும்பாலும் வெள்ளைப் பண்ணையார்கள் கையில் இருந்தன. செடியை முதலில் அறிந்த மக்களின் வழிவந்தவர்கள் கூலிகளாகவும், ஒதுக்குப்புறமான மேட்டு நிலத்தில் சிறு விவசாயிகளாகவும் நின்றார்கள். 2001இல் அந்த மேட்டுநிலச் சிறு விவசாயிகள் ஹைவெல்டு என்னும் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கி, இயற்கை முறையில் விளைந்த சரக்கை நியாய வணிக முறையில் வெளிநாட்டுக்கு நேரடியாக விற்கத் தொடங்கினார்கள். இடையில் பலர் கைமாறாமல் போனதால் அவர்களுக்குக் கிடைத்த விலை உயர்ந்தது. இடைநிலை வணிகர்களான நமக்கு இதைப் படிக்கச் சற்று உறுத்தலாக இருக்கலாம். நாம் இடையில் நிற்பதற்கு ஏற்ற சேவையைச் செய்யாவிட்டால், நம்மைத் தாண்டிப் போக வழி பிறக்கும் என்பதே இதன் பொருள்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

1994இல் அமெரிக்காவில் ஒரு வியப்பான காரியம் நடந்தது. ஒரு தென்னாப்பிரிக்க நிறுவனம் 'ரூய்போஸ்' என்ற சொல்லையே தன் வணிகச் சின்னமாக அங்கே பதிவு செய்துகொண்டது. அந்த உரிமை பின்னர் அமெரிக்காவில் ஒருவர் கைக்கு மாறியது. செடியின் பொதுப் பெயரைப் பாக்கெட்டில் அச்சடித்து அமெரிக்காவில் விற்க, அந்தச் செடியை விளைவித்தவர்களுக்கும் அதை வாங்கி விற்ற கடைக்காரர்களுக்கும் தடை வந்தது. 'துவரம்பருப்பு' என்ற பெயரை ஒருவர் பதிவு செய்துகொண்டு, மற்றவர்கள் அந்தப் பெயரில் விற்கக்கூடாது என்றால் எப்படியிருக்கும்? அப்படித்தான். பல ஆண்டுகள் வழக்கும் செலவும் ஆகி, 2005இல்தான் அந்தப் பதிவு நீங்கியது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர்கள் விழித்துக்கொண்டார்கள். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் ரூய்போஸுக்குப் புவிசார் பாதுகாப்பு வழங்கியது. ஆப்பிரிக்க உணவுப் பொருள் ஒன்று அந்த வகைப் பாதுகாப்பைப் பெற்றது அதுவே முதல் முறை. குறிப்பிட்ட அந்தப் பகுதியில் விளைந்த சரக்குக்கு மட்டுமே அங்கே அந்தப் பெயர் செல்லும்.

நமக்கும் இதே அனுபவம் உண்டு. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று நம் பாட்டிமார் அறிந்ததற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து நின்று, பழைய நூல் ஆதாரங்களைக் காட்டியதால் 1997இல் அது ரத்தாயிற்று. எழுதி வைத்த ஆதாரம் இருந்ததால் வென்றோம். எழுத்தில் இல்லாமல் வாய்வழியாக மட்டும் வந்த அறிவுக்கு யார் சாட்சி சொல்வது?

அறிவு யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்விதான் சான், கோய் மக்களின் கேள்வியும். தென்னாப்பிரிக்காவின் 2004ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, ஒரு மூலிகையைப் பற்றிய பாரம்பரிய அறிவைக் கொண்டு வணிகம் செய்வோர் அந்த அறிவுக்கு உரியவர்களுக்கும் பங்கு தர வேண்டும். 2010 முதல் சான் மக்களின் மன்றம் இந்தப் பங்கைக் கேட்டது. கோய் மக்களும் சேர்ந்துகொண்டார்கள். "இது எங்கள் முன்னோர் அறிவு என்பதற்குப் பத்திரம் எங்கே?" என்ற எதிர்வாதம் வந்தது. அரசு ஏற்பாடு செய்த ஆய்வு, அவர்களின் உரிமைக் கோரிக்கையை மறுக்க ஆதாரம் இல்லை என்று 2014இல் கூறியது.

பேச்சுவார்த்தை நீண்டது. கடைசியில் 2019இல் இருதரப்பும் கையெழுத்திட்டார்கள். விவசாயி ஆலைக்குக் கொடுக்கும் சரக்கின் பண்ணை விலையில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் ஆலைகள் ஆண்டுதோறும் சான், கோய் மக்களின் அறக்கட்டளைகளுக்குச் செலுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு முழுத் தொழிலும் சேர்ந்து இப்படிப் பங்கு கொடுக்க ஒப்புக்கொண்டது உலகத்துக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது. 2022இல் முதல் தவணையாக 1 கோடியே 22 லட்சம் ராண்டு அந்த மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒன்றரை வீதம் என்பது நம் கணக்கில் தரகுக் கூலியை விடக் குறைவு. அந்த அளவு போதுமா, பணம் மலையிலுள்ள கடைசிக் குடும்பம் வரை போகிறதா என்ற விவாதங்கள் வரத்தான் செய்யும். ஆனால் கொள்கை நிலைநின்றுவிட்டது. எறும்புப் புற்றைக் காட்டியவளுக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் திறந்துவிட்டார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நம் சங்கத்தில் நாட்டு மருந்துச் சரக்கு விற்போர் பலர். கடுக்காயும் நன்னாரி வேரும் மலைத்தேனும் நம் கடைக்கு எங்கிருந்து வருகின்றன? மலைவாழ் மக்கள் பொறுக்கியும் தோண்டியும் கொண்டுவருவது அவற்றில் ஒரு பெரும் பகுதி. நம் நாட்டிலும் 2002ஆம் ஆண்டிலேயே பல்லுயிர்ச் சட்டம் வந்துவிட்டது. பயன் பகிர்வு அதிலும் சொல்லப்பட்டிருக்கிறது. சட்டம் நம் வாசலுக்கு வரும்வரை காத்திராமல் நாமாகச் செய்யக் கூடியவை சில உண்டு. அவற்றைச் சங்க உறுப்பினர்களின் பரிசீலனைக்கு வைக்கிறோம்.

1. மூலிகைச் சரக்கு எந்த மலை, எந்த ஊர், யார் கை வழியாக வந்தது என்பதைக் கொள்முதல் பேரேட்டில் எழுதி வைப்போம்.

2. மலையிலிருந்து நேரடியாகக் கொண்டுவருபவருக்கு எடையிலும் விலையிலும் பிடித்தம் செய்யும் பழக்கம் எங்கேனும் இருந்தால் அதை நிறுத்துவோம். ஈரத்துக்குக் கழிப்பது நியாயம். ஏமாளி என்று கழிப்பது பாவம்.

3. செடியை வேரோடு அழித்து வரும் சரக்கை மலிவு என்று வாங்க வேண்டாம். இந்த ஆண்டு மலிவு, அடுத்த ஆண்டு சரக்கே இருக்காது.

4. ஊர்ப் பெயரால் மதிப்புப் பெற்ற சரக்கில் வேற்றூர்ச் சரக்கைக் கலந்து அதே பெயரில் விற்க வேண்டாம். அந்தப் பெயர் பல தலைமுறை உழைப்பின் சொத்து.

5. மூலிகை எதையும் நோய் தீர்க்கும் மருந்து என்று நாமாகச் சொல்லி விற்க வேண்டாம்.

இந்த ஐந்தையும் கடைப்பிடிக்கப் பெரிய முதல் எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், சரியான தராசும், கட்டுப்பாடான நாவும் போதும். அடுத்த மாதக் கூட்டத்தில் உறுப்பினர்கள் தத்தம் கடைச் சரக்கில் ஒன்றையேனும் அதன் பிறப்பிடம் வரை விசாரித்து வந்து சொன்னால், அதையும் இந்தப் பக்கங்களில் வெளியிடக் காத்திருக்கிறோம்.